லாடக்காரி வீட்டில் முதல் காலடி

கிறிஸ்துமஸ் அன்று காலையில் யாராவது கதவைத் தட்டினால், திறப்பதற்கு முன்னால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். ரவ்னா பாரா என்ற அந்த ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் யாரோ, அவருடைய ராசிதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க. அதனால் முதல் காலடிக்கு நல்ல ஆளாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் மத்தியானம் வரை அவரவர் வீட்டோடு கிடப்பார்கள். ஜென்மப் பகையாளிகூட அன்று காலையில் அடுத்தவன் வாசற்படியை மிதிக்க மாட்டான்.

ஸ்மில்யா திரையை விலக்கினாள். வெளியே, கணுக்கால் புதையும் பனியில், ஸ்ரெட்டென் நின்றுகொண்டிருந்தான்.

வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ஒரு கம்பளித் துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தான். முடிச்சின் மேல் பனி விழுந்து வெள்ளைக் குடுமி போல நின்றது. பக்கத்தில் அவன் மனைவி ருமேனா, வியன்னாவில் வாங்கிய நீளமான மேல்கோட்டில், கையை மறுபடியும் தட்டுவதற்காக உயர்த்தியபடி.

ஸ்மில்யா அந்த ஊரின் ஒரே பல் டாக்டர். இருபது வருஷத்துக்கு மேல் மற்றவர்களின் வலியைப் பார்த்தவள். ஆனாலும் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் வந்தது ஒரே ஒரு வார்த்தை: நல்லா வேணும்.

"யாரு?" என்றான் அவள் கணவன் ராடிசாவ். சடங்குக்காகத் தரையில் பரப்பியிருந்த வைக்கோல் மேல் காலுறையோடு வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "திறக்காதே. இவனா? திறக்காதேன்னா திறக்காதே. டிஹோமிர் வரட்டும். அவன் கால் உள்ளே பட்டதுக்கு அப்புறம் இவன் நின்னா நிக்கட்டும், செத்தா சாகட்டும்."

தபால்காரன் டிஹோமிர்தான் வருஷா வருஷம் அவர்கள் வீட்டு முதல் காலடி. இந்த வருஷம் அவனைக் காணோம்.

"டிஹோமிர் எப்போ வருவான்?"

"விடியறப்பவே வர்றேன்னான். ராத்திரி சர்ச் வாசல்ல பார்த்தேன். ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாங்க."

ஸ்ரெட்டென் போன ஆகஸ்டு வரை பகையாளி இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் ஆஸ்திரியாவில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கோடை விடுமுறையிலும், புத்தாண்டுக்கும் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழாம் தேதி வரும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட விடுமுறையிலும் குடும்பத்தோடு ஊர் திரும்புவார்கள். வந்ததும் வீட்டுக் கூரையைச் சரிபார்ப்பார்கள், கல்லறைக்குப் போவார்கள், பிறகு ஸ்மில்யாவிடம் வந்து வாயைத் திறப்பார்கள். அங்கே ஒரு பல்லுக்கு ஆகிற செலவில் இங்கே அப்பா, அம்மா, பிள்ளைகள், மாமியார் எல்லோருக்கும் பார்த்துவிடலாம். அந்த இரண்டு விடுமுறைகளின் வருமானத்தில்தான் அவள் மற்ற மாதங்களில் ஊரில் இருப்பவர்களுக்குக் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தாள்.

ஆகஸ்டில் ஸ்ரெட்டெனுக்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் வேர்ச் சிகிச்சை செய்து, உலோக உறை போட்டு அனுப்பினாள். இலையுதிர் காலத்தில் அது வலிக்க ஆரம்பித்தது. அவன் அவளுக்கு போன் செய்யவில்லை. வியன்னாவில் இருக்கும் ஊர்க்காரர்களின் போன் குழுவில் தன் குரலிலேயே ஒரு பதிவு போட்டான். "அவ பல் டாக்டர் இல்லப்பா, லாடக்காரி. குதிரைக்கு அடிக்கிற லாடத்தை என் வாயில அடிச்சு அனுப்பிட்டா. உங்க பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. நகரத்துல கண்ணாடிக் கதவு போட்டுப் புது ஆஸ்பத்திரி வந்திருக்கு, அங்க போங்க."

கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு நிஜமாகவே நகரத்துக்குப் போனார்கள். இந்த விடுமுறையில் ஸ்மில்யாவின் காத்திருப்பு அறையில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. வசந்த காலத்தில் கிளினிக்கை மூடிவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேசி முடிக்கவில்லை.

ருமேனா மறுபடியும் தட்டினாள். "அக்கா! திரை ஆடறது தெரியுது. உள்ளே இருக்கீங்க."

ஸ்மில்யா ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தாள். "கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கண்ணாடிக் கதவு ஆஸ்பத்திரி லீவா?"

"பத்தாம் தேதி வரைக்கும் மூடியிருக்காம். பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா எடுக்க ஆளில்ல. மலைப் பாதையும் பனியில அடைஞ்சு கிடக்கு."

"அப்போ லாடக்காரி ஞாபகம் வந்துடுச்சு."

ஸ்ரெட்டென் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். வலி அவனை அங்கேயே நிறுத்தியது. பிறகு பல்லைக் கடிக்காமல், உதடு அசையாமல், "நீ போட்ட லாடம்தானே. நீயே கழட்டு," என்றான்.

"பாரு, பாரு," என்றான் ராடிசாவ். "பிச்சை எடுக்க வந்தாலும் மிடுக்கு குறையல. டேய், பள்ளிக்கூடத்துல என் ரொட்டியைத் திருடித் தின்ன நாளிலேயே உன் பல்லு கெட்டுப் போச்சுடா."

"உன் வீட்டுக்குள்ள கால் வைக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? வெளியே வரச் சொல்லு. என் கார்ல உக்காந்து பாக்கட்டும். சீட்டு சூடாகும், விளக்கு இருக்கு."

"உன் கார்லயா? என்ன, பல்லை பம்பர்ல கட்டி இழுக்கணுமா?"

கிளினிக் அந்த வீட்டின் முன்னறைதான். தெருவில் இருந்து தனிக் கதவு கிடையாது. கிளினிக்குள் கால் வைத்தால் வீட்டுக்குள் கால் வைத்த மாதிரி.

ஸ்மில்யா ஸ்ரெட்டெனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம் கன்னத்தோடு நிற்காமல் கீழ் இமை வரை ஏறி, கண் பாதி மூடியிருந்தது. அந்த இமை அப்படிப் பளபளவென்று இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் வரை காத்திருக்கிற சமாசாரம் இல்லை அது.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த உறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். வேர் ஆறுவதற்கு மருந்து வைத்து இரண்டு வாரமாவது விட்டிருக்க வேண்டும். விடவில்லை. விடுமுறை ஆட்களுக்கு யாரும் விடுவதில்லை. மூன்று மாத வேலையைப் பத்து நாளில் முடிக்கிற பழக்கம் இந்த ஊரில் எல்லோருக்கும் வந்துவிட்டது, அவளுக்கும். இப்போது அந்த உறையைத் துளைத்தால், அவன் சொன்னது பொய் இல்லை என்று அவளே நிரூபித்த மாதிரி ஆகும். அதுவும் அவன் கண் முன்னால். துளைக்காவிட்டால் அந்தக் கண் போகும்.

"ராடிசாவ், கோதுமையை எடு," என்றாள்.

"எதுக்கு?"

"வர்றவன் முறைப்படி வரட்டும். கருவாலிக் கிளையும் கொண்டா."

"பைத்தியமா உனக்கு? இவனா நம்ம முதல் காலடி? இவன் வாயாலயா நாம வாழ்த்து வாங்கணும்?"

"அந்த வாயாலதான். நாலு மாசமா அது வெளியே கொட்டினதை அதுவே அள்ளட்டும்."

கதவு திறந்தது. ஸ்ரெட்டென் அவசரமாக ஒரு காலைத் தூக்கினான். ஸ்மில்யா கையை நீட்டித் தடுத்தாள்.

"வலது கால். முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லு."

அவன் அவளை முறைத்தான். ருமேனா பின்னாலிருந்து அவன் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"கிறிஸ்து பிறந்தார்," என்றான், சாபம் கொடுக்கிற குரலில்.

"மெய்யாகவே பிறந்தார்," என்றாள் ஸ்மில்யா, அதே குரலில்.

ராடிசாவ் ஒரு கைப்பிடி கோதுமையை எடுத்து அவன் மேல் எறிந்தான். வழக்கத்தில் அதை மெதுவாகத் தூவ வேண்டும். அவன் காக்கையை விரட்டுகிற மாதிரி எறிந்தான். கோதுமை ஸ்ரெட்டெனின் தலை முடிச்சிலும் காலருக்குள்ளும் போய் ஒட்டியது.

சமையலறை அடுப்பில் முந்தின நாள் மாலை வைத்த கருவாலி என்ற ஓக் மரக் கட்டை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஸ்மில்யா அடுப்புக் கதவைத் திறந்து கிளையை அவன் கையில் கொடுத்தாள். முதல் காலடிக்காரன் கட்டையைக் கிளையால் அடிக்க வேண்டும். பறக்கிற பொறியைக் காட்டி வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

"எனக்கு உயிர் போகுது. இதெல்லாம் இப்போ..."

"உனக்கு எப்பவும் அவசரம்தான். அடி."

அவன் அடித்தான். நாலு மாத வலியையும் வாசலில் நின்ற குளிரையும் சேர்த்து அடித்தான். கட்டை பிளந்து, பொறி அடுப்பு வாய் நிறைய எழும்பித் தரை வைக்கோல் வரை வந்து விழுந்தது. ராடிசாவ் அதைக் காலால் மிதித்து அணைத்தான். அவன் முகம் கோணியது. இத்தனை வருஷத்தில் டிஹோமிருக்கு ஒரு நாள்கூட இவ்வளவு பொறி பறந்ததில்லை.

"எத்தனை பொறியோ," என்று ஸ்ரெட்டென் பாதி வாயால் முனகினான், "அத்தனை ஆடு. அத்தனை மாடு. அத்தனை காசு. அத்தனை ஆரோக்கியம்."

"எங்ககிட்ட ஆடும் இல்ல, மாடும் இல்ல," என்றாள் ஸ்மில்யா. "எங்க பிழைப்பு என்னன்னு உனக்குத் தெரியும். அதைச் சொல்லு."

அவன் கிளையைக் கீழே போடப் பார்த்தான். ருமேனா, "சொல்லித் தொலையேன்யா, கண்ணு மூடிக்கிட்டே வருது," என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது.

"அத்தனை பேர்," என்றான் ஸ்ரெட்டென், தரையைப் பார்த்து, "இந்தக் கிளினிக்குக்கு வரட்டும்."

"இப்போ வந்து உக்காரு."

கிளினிக் அறை சில்லிட்டுக் கிடந்தது. தாடைத் துண்டை அவிழ்த்து நாற்காலியைச் சாய்த்ததும் அவன் காலரில் இருந்து கோதுமை உருண்டு விழுந்தது. நர்ஸ் லீவில் போயிருந்ததால், எச்சிலை இழுக்கும் உறிஞ்சுகுழாயை ஸ்மில்யா ருமேனாவின் கையில் கொடுத்தாள். மரத்துப்போகச் செய்கிற ஊசி அப்படிச் சீழ் கோத்த இடத்தில் பாதிதான் வேலை செய்யும். அதை அவனிடம் மறைக்கவில்லை.

"வலிக்கும். கத்தணும்னா கத்து. என் கையை மட்டும் பிடிக்காதே."

தான் பொருத்திய உறையைத் தன் கையாலேயே துளைக்க ஆரம்பித்தாள். ஆகஸ்டில் அந்த உறை பொருந்தி உட்கார்ந்த அழகைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அவள். உலோகம் கிறீச்சிட்டது. ஸ்ரெட்டென் நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, அவளையும் அவள் படித்த காலேஜையும் அதைக் கட்டிய கொத்தனாரையும் திட்டினான். வாய் திறந்திருந்ததால் ஒன்றும் புரியவில்லை. ருமேனாவுக்கு மட்டும் புரிந்தது. "வார்த்தையை அளந்து பேசு, உன் வாய் இப்போ அவங்க கையில இருக்கு," என்றாள்.

பிறகு துளை உள்ளே விழுந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. ருமேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், குழாயை விடவில்லை. மஞ்சளும் ரத்தமுமாக வழிந்து, வழிந்து, நின்றது. ஸ்ரெட்டெனின் விரல்கள் கைப்பிடியில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நல்ல கண்ணில் இருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஸ்மில்யா துளையைக் கழுவி, உள்ளே மருந்து வைத்தாள்.

"உள்ளே என்ன இருந்துச்சு?" என்றான் அவன்.

பொய் ஒன்று தயாராக இருந்தது. வால்நட் கடித்தாயா, உறை அசைந்துவிட்டது என்று சொல்லலாம். எந்த ஊர்க்காரனும் நம்புவான். அவள் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள்.

"வேர் ஆறல. ஆறாமலே மூடினேன்."

"ஆங்!" அவன் எழுந்து உட்கார்ந்தான். வலி போன மறு நிமிஷமே பழைய ஸ்ரெட்டென் வந்துவிட்டான். "கேட்டியா ருமேனா? அவளே ஒத்துக்கிட்டா. நான் சொன்னது நிஜம்."

"பாதி நிஜம். மீதியையும் சொல்லு. ஆகஸ்ட்ல இதே நாற்காலியில உக்காந்துகிட்டு என்ன சொன்னே?"

 ருமேனாதான் சொன்னாள்: "'சனிக்கிழமை கிளம்பணும், அதுக்குள்ள முடிச்சுக் குடு, முடியலன்னா நகரத்துக்குப் போயிடறேன்'னு சொன்னார். நான் கதவுகிட்டதான் நின்னேன்."

"நீ யார் பக்கம்?"

"கண்ணு பக்கம்."

"அவன் சொன்னா நான் கேட்டிருக்கக் கூடாது," என்றாள் ஸ்மில்யா. "கேட்டது என் தப்பு. போய்ச் சொல்லு. ஆனா ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

"என்ன சொல்லணும்னு நீ எனக்குச் சொல்லித் தராதே. இன்னிக்கே குழுவுல போடறேன். லாடக்காரி தன் வாயாலேயே..."

"கிறிஸ்து பிறந்தார்!" என்று வாசலில் ஒரு குரல் முழங்கியது. டிஹோமிர், தோளில் கருவாலிக் கிளையோடு, கண் சிவந்து, குல்லாய் கோணலாக நின்றான். அவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். கடைசியில் ஸ்ரெட்டெனின் காலரில் ஒட்டியிருந்த கோதுமையில் அவன் பார்வை நின்றது.

"இவனா?" என்றான்.

"நீ பீப்பாய்க்குள்ள தூங்கிட்டு இருந்தா வேற யாரு?" என்று ராடிசாவ் பின்னாலிருந்து கத்தினான். "என் பெண்டாட்டியை லாடக்காரின்னு சொன்னவன்தான் இந்த வருஷம் எனக்கு முதல் காலடி!"

டிஹோமிர் கிளையைச் சுவரில் சாய்த்தான். அவனுக்குப் போதை தெளிந்துகொண்டிருந்தது. புதுச் செய்தி கிடைத்தால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

"அப்படின்னா ஸ்ரெட்டென்," என்றான் மெதுவாக, "இந்த வீடு இந்த வருஷம் ஓகோன்னு இருந்தா அது உன் கால். இழுத்து மூடினாலும் உன் கால்தான். மரம் அறுக்கிற மில் ஓப்ராடை ஞாபகம் இருக்கா? மேனேஜர் வீட்டுக்கு முதல் காலடியாப் போனான். வசந்தத்துல மில்லை மூடினாங்க. அதுக்கப்புறம் அவனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான்? ஞானஸ்நானத்துக்குக்கூட வாசல்லயே நிக்க வச்சு சாப்பாடு போட்டாங்க. எதிரே வந்தா ஜனங்க ரோட்டைக் கடந்து போனாங்க."

"அதெல்லாம் கிழவிங்க பேச்சு," என்றான் ஸ்ரெட்டென். ஆனால் அவன் குரல் முதலில் இருந்த மாதிரி இல்லை.

ருமேனா உறிஞ்சுகுழாயைக் கொக்கியில் மாட்டினாள். வருகிற ஆகஸ்டில் அவர்கள் மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ராசி, சகுனம் எல்லாம் ரொம்பப் பார்க்கிறவர்கள். அவள் கணவனின் போனை அவன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு நீ எதுவும் போடறதில்ல," என்றாள். "நாளைக்கு என்ன போடணும்னு வீட்டுக்குப் போய் நான் சொல்றேன்."

தபால் இல்லாத நாளிலும் டிஹோமிர் மத்தியானத்துக்குள் செய்தியை ஊர் முழுக்கப் பட்டுவாடா செய்துவிட்டான். மறுநாள் குழுவில் ஸ்ரெட்டெனின் புதுக் குரல் பதிவு வந்தது. ராடிசாவ் அதைச் சமையலறையில் சத்தமாகப் போட்டுக் காட்டினான்.

"அவசரப்பட்டது நான். அதைக் கேட்டு ஆடினது அவ. தப்பு ரெண்டு பேர் மேலயும். ஆனா கிறிஸ்துமஸ் அன்னிக்கு என் கண்ணைக் காப்பாத்தினதும் அவதான். வாய்தான் நீளம், கை லேசு. பல்லு காட்டணும்னா அவகிட்டயே காட்டுங்க." பின்னணியில் ருமேனாவின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம் சந்தோஷமாச் சொல்லு." அதற்கு அவன் சொன்ன பதிலைப் பதிவில் வெட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லை. ஸ்ரெட்டெனின் அண்ணன் குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தது. ருமேனாவின் தங்கை வந்திருந்தாள். நகரத்தில் பாதி வேலை செய்துகொண்டு மீதிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். யாருடைய முகத்திலும் நட்பு இல்லை. கடமைக்கு வந்தவர்கள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பிள்ளை அழுதால் இன்னொருவர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் நாற்காலியில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமா?"

"எது முடியுமோ அது முடியும்," என்று ஸ்மில்யா எல்லோருக்கும் சொன்னாள். "முடியாததைத் திறந்து வச்சு, மருந்து போட்டு அனுப்புவேன். பிடிக்கலன்னா கண்ணாடிக் கதவு பத்தாம் தேதிக்கு அப்புறம் திறக்கும்." இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவள் கூப்பிடவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஸ்ரெட்டென் கடைசியாக வந்தான். வீக்கம் வடிந்து கன்னம் தொங்கியிருந்தது. வணக்கம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மருந்தை மாற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு வா. அப்போதான் மூடுவேன்."

"சனிக்கிழமை கிளம்பணும்."

"கிளம்பாதே."

"வேலை இருக்குடி எனக்கு அங்கே!"

"ஆகஸ்ட்லயும் இருந்துச்சு."

அவன் அவளைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் பார்வை அவளைத் தாண்டி, கதவுக்கு வெளியே இருந்த கூட்டத்தின் மேல் போய் எண்ணுவது போல நின்றது. குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ராடிசாவ் ஜன்னலில் நின்று அவன் தெருத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு யோசிச்சியா?" என்றான். "இந்த வருஷம் நமக்கு நல்லா இருந்துச்சுன்னா, ஆளை மாத்தக் கூடாது. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இவனைத்தான் கூப்பிடணும்."

"ஆமா."

"எல்லா வருஷமும்."

"ஆமா."

ராடிசாவ் நெற்றியைக் குளிர்ந்த கண்ணாடியில் வைத்துக்கொண்டான். "கடவுளே, நான் இப்போ எதுக்குன்னு வேண்டிக்கறது?"

ஸ்மில்யா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு அடியில் இன்னும் கோதுமை கிடந்தது. அதைக் குப்பையில் போடாமல் கையில் அள்ளி, முட்டை போடுகிற கோழிகளுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.